இன்னும் ஒன்றரை வருடம்

அந்த யோசனை எனக்கு வந்தது முருங்கைக்காய்ப் பெட்டிக்கும் உறைந்த மீன் பெட்டிக்கும் நடுவில், பிரெஞ்சுத் தலைநகரில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலில், ஒரு பலசரக்குக் கடை வரிசையில். எனக்கு முன்னால் எங்கள் கட்டடத்து நான்காம் மாடி அன்ரி நின்றார். கடைக்கார அண்ணை வெங்காயத்தைத் தராசில் வைத்தபடி வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"அப்ப, எப்ப கனடாப் பயணம்?"

"கொந்ரா முடியட்டும் அண்ணை. இன்னும் ஒண்டரை வருசம்."

கடைக்காரர் அனுதாபத்தோடு தலையை ஆட்டி, ஒரு பிடி கறிவேப்பிலையைச் சும்மா பையில் போட்டுவிட்டார். அன்ரி போய்விட்டார். நான் அசையாமல் நின்றேன். போன பொங்கலுக்கும் இதே கடையில், இதே கேள்விக்கு, இதே ஒன்றரை வருடத்தைத்தான் அவர் சொன்னார். பச்சரிசிப் பையைத் தூக்கிக்கொண்டு அன்றும் நான் பின்னால்தான் நின்றேன். நடுவில் ஒரு வருடம் ஓடியிருக்கிறது. அது எங்கே போனது?

"பிள்ளை, நீ நிக்கிறியோ போறியோ?" என்றார் எனக்குப் பின்னால் நின்றவர்.

நான் வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்கு ஓடினேன். பாவம் அன்ரி, அவருக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ல ஆளில்லை என்று நினைத்தேன். நான் அப்போது தரவியல் படித்துக்கொண்டிருந்தேன். உலகத்தில் எந்தச் சிக்கலையும் ஒரு சின்னச் செயலி தீர்த்துவிடும் என்று உறுதியாக நம்பிய காலம். அன்ரியின் ஒப்பந்தத்தில் எவ்வளவு கரைந்தது, எவ்வளவு மிச்சம் என்று காட்டுகிற ஒரு செயலி. அவருக்கு முதலில், பிறகு அவரைப் போல் மாட்டிக்கொண்ட எல்லோருக்கும். அம்மாவிடம் சொன்னேன். "உனக்குத் தொடங்கத்தான் தெரியும்" என்றார் அம்மா. நியாயம்தான். என் கணினியில் அப்போதே தொடங்கி நின்ற யோசனைகள் நிறைய இருந்தன.

அந்த ஒப்பந்தம் என்னவென்று சொல்லிவிடுகிறேன். அன்ரி வடக்குப் புறநகரில் ஒரு பொது மருத்துவமனையில் தாதி. முதலில் அங்கே உதவியாளராக நோயாளிகளைக் குளிப்பாட்டிக்கொண்டும் படுக்கை மாற்றிக்கொண்டும் இருந்தார். பிறகு மருத்துவமனையே அவரைத் தாதிப் படிப்புக்கு அனுப்பியது. மூன்று வருடப் படிப்புச் செலவையும் ஏற்றுச் சம்பளத்தையும் கொடுத்தது. பதிலுக்கு ஒரு கையெழுத்து: படித்து முடித்தபின் ஐந்து வருடம் பொது மருத்துவமனையில் வேலை செய்ய வேண்டும். இடையில் விட்டுப் போனால் மிச்சக் காலத்துக்கு உரிய செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும். கடன்தான், ஆனால் வேலை செய்தே கரைக்கிற கடன். ஒவ்வொரு மாதம் முடியவும் அதில் ஒரு துண்டு தன்பாட்டில் இல்லாமல் போகும். இதைத்தான் எங்கள் ஆட்கள் பிரெஞ்சுச் சொல்லால் கொந்ரா என்பார்கள்.

ஆளைப் பார்த்தால் கடன்காரி என்று சொல்ல முடியாது. குள்ளமான உருவம். மாடிப்படியில் கைப்பிடியைத் தொடாமல் ஏறுவார். பகிடி கேட்டால் வாயை மூடிக்கொண்டு மூக்கால் சிரிப்பார். எதற்கும் பதற மாட்டார். எங்கள் அப்பா ஒருமுறை கையை வெட்டிக்கொண்டு இரத்தம் சொட்டச் சொட்ட நாலாம் மாடிக்கு ஓடியபோது, "முதல்ல இருங்கோ அண்ணை. இரத்தம் எங்கையும் ஓடாது, உங்களோடைதான் நிக்கும்" என்றாராம். அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. தன் வீட்டுக் கதவை இரண்டு கையாலும் பிடித்துச் சத்தமில்லாமல் சாத்துவார், உள்ளே யாரோ நித்திரை கொள்வது போல. வார்டில் பழகிய பழக்கமாக இருக்கும். உள்ளே ஒருவரும் இல்லை.

லா சப்பலில் "எப்பப் போறியள்?" என்பது சுகம் விசாரிப்பது போல ஒரு கேள்வி. இங்கே எல்லோரும் எங்கேயோ போகிற வழியில் நிற்பவர்கள். லண்டன், கனடா, அதுவும் இல்லையென்றால் புறநகரில் ஆர்ஜொந்தெய் பக்கம் சொந்த வீடு. போவதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. நிற்பதற்குத்தான் காரணம் வேண்டும். நாற்பது கடந்த ஒரு பெண், கணவன் இல்லை, பிள்ளை இல்லை, ஒரே அக்கா டொரோன்ரோவில். அவரை விட்டுவைப்பார்களா?

அந்த ஒன்றரை வருடம் எதற்கெல்லாம் உதவியது என்று எண்ணிப் பார்க்கிறேன். பக்கத்துப் பொபினி ஊரில் இருக்கிற, மனைவியை இழந்த ஒருவருக்குக் கலியாணம் பேசி வந்த மாமியிடம், "கொந்ரா முடியட்டும் மாமி, இன்னும் ஒண்டரை வருசம். அதுக்குள்ள அவரைக் காக்க வைக்கிறது பாவம்" என்றார். சீட்டுப் பிடிக்கிறவரிடம் அதையே சொன்னார். கோயில் மகளிர் குழுவில் பொருளாளராக நிற்கக் கேட்டவர்களிடமும் அதையேதான். ஒருவரும் கோபிக்கவில்லை. ஒப்பந்தத்தோடு யார் சண்டை பிடிப்பது?

ஆனால் ஒன்றிரண்டு விஷயங்கள் இடித்தன. ஒரு விடுமுறைக் கிழமையில் அன்ரி தன் முன்னறைச் சுவருக்குத் தானே நிறம் அடித்தார். கடும் பச்சை, மழைக்காலத்து வாழையிலை நிறம். தனி ஆளாக ஏணி வைத்து, தலையில் பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டு அடித்தார். இரண்டாம் பூச்சுக்கு என்னையும் கூப்பிட்டார். அம்மா எட்டிப் பார்த்துவிட்டு வந்து எங்கள் குசினியில் மெதுவாகக் கேட்டார்: "ஒண்டரை வருசத்தில போறவ வாடகை வீட்டுக்கு ஏன் பச்சை அடிக்கிறா?"

இன்னொன்றை நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. ஒரு ஞாயிறு அம்மா அவரைச் சாப்பிடக் கூப்பிட்டார். டியூட்டி என்றார். அன்று பின்னேரம் நான் சிநேகிதிகளோடு ஸ்டாலின்கிராட் மெற்றோ நிலையத்துப் பக்கம் கால்வாய்க் கரைக்குப் போனேன். அங்கே ஒரு நீள மர வாங்கில் அன்ரி. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை மேலே மடித்துவைத்து, கடதாசியில் சுற்றிய ஒரு ரோல்ஸைக் கடித்தபடி, இரும்புக் குண்டு உருட்டி விளையாடுகிற கிழவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஒளியவில்லை. ரோல்ஸ் இருந்த கையையே தூக்கிக் காட்டினார். நானும் தூக்கினேன். நாங்கள் திரும்பி வரும்போது வெளிச்சம் குறைந்து, கிழவர்களும் போயிருந்தார்கள். அவர் அப்படியே இருந்தார்.

சரி, என் செயலிக்கு வருகிறேன். கடையில் யோசனை வந்த அன்றே அதை ஒருவாறு எழுதி, மாலையில் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு நாலாம் மாடிக்குப் போனேன்.

"உங்கட கொந்ராவைக் கணக்குப் பாத்துத் தாறன் அன்ரி. எத்தினை வீதம் முடிஞ்சுது எண்டு ஒரு கோடு ஓடும். நிரம்பினா பச்சையா மாறும்."

"என்ர சுவர் மாதிரியோ?" என்று மூக்கால் சிரித்தார். "செய் பிள்ளை, செய். தேத்தண்ணி குடிக்கிறியோ?"

தேத்தண்ணி வந்தது, விவரம் வரவில்லை. படிப்பு எப்போது முடிந்தது என்று கேட்டால், "அது கனகாலம்" என்பார். சம்பளமில்லாத விடுமுறை எடுத்தீர்களா, அந்த மாதங்கள் கணக்கில் சேராதாம் என்றால், "அம்மான்ர செத்தவீட்டுக்குப் போய் மூண்டு மாதம் நிண்டன்" என்று சொல்லிவிட்டு, அந்த மூன்று மாதத்தில் அக்காவும் தானும் ஒரே பாயில் படுத்து விடியும்வரை கதைத்த கதைக்குப் போய்விடுவார். அக்கா குறட்டை விடுகிற விதத்தை நடித்தும் காட்டினார்.

கணக்கு அவரிடமிருந்து கிடைக்கவில்லை, எனக்குள்ளேயே கிடந்தது. அன்று படி இறங்கும்போது நினைவு வந்தது. அன்ரிக்குத் தாதிப் பட்டயம் கிடைத்த அன்று அவர் ஒரு பெட்டி எக்லேர் கேக்கோடு எங்கள் கதவைத் தட்டினார். அப்போது எங்கள் வீட்டில் பாயசம் கொதித்துக்கொண்டிருந்தது, ஏனென்றால் அன்றைக்குத்தான் என் பள்ளி இறுதிப் பரீட்சை முடிவு வந்தது. பாயசத்தை நின்றபடியே குடித்துவிட்டு, "எங்கள் ரெண்டு பேருக்கும் ஒரே நாளில விடுதலை" என்றார் அன்ரி. அந்தக் கோடைக்கு எனக்குப் பதினெட்டு வயது. அதிலிருந்து ஐந்து வருடம். மூன்று மாதத்தையும் சேர்த்தேன்.

முடிந்துவிட்டது. போன இலையுதிர் காலத்திலேயே முடிந்துவிட்டது.

நான் எப்படி மேலே ஏறினேன் என்று தெரியாது. மனிதர் சும்மா காத்துக்கிடக்கிறாரே, விடுதலை ஆனது தெரியாமல் வேலை செய்கிறாரே என்ற பதைப்பு. கதவு திறந்ததும் மூச்சு வாங்கச் சொன்னேன்.

"அன்ரி, முடிஞ்சுது. நீங்கள் ஒண்டும் குடுக்கத் தேவையில்லை. இனி நீங்கள் போகலாம்."

அவர் அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து, என்னை உள்ளே விட்டு, கதவை இரண்டு கையாலும் சாத்தினார்.

"தெரியும்" என்றார்.

மடிக்கணினியைக் கதவடியிலேயே கீழே வைத்தேன்.

"முடிஞ்ச அண்டைக்கு வார்டில ஒரு கேக் வெட்டினவை. நல்ல கேக்."

"பிறகேன் ஒண்டரை வருசம் எண்டு சொல்லுறியள்?"

"ரெண்டு வருசம் எண்டா தூரம். ஒரு வருசம் எண்டா ரிக்கெற் எடுத்தாச்சோ எண்டு கேப்பினம். ஒண்டரைதான் பிள்ளை நல்ல கணக்கு." அவர் வெங்காயத்தை உரித்தபடியே கதைத்தார். "கொந்ரா இருக்குமட்டும் ஏன் தனிய இருக்கிறாய் எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம். எப்ப முடியும் எண்டுதான் கேப்பினம். அந்தக் கேள்விக்கு என்னட்டைப் பதில் இருக்கு. மற்றதுக்கு இல்லை."

"உங்களுக்குக் கனடா போக விருப்பமில்லையோ?"

"அக்கா எனக்கு அறை ஒண்டு போட்டு வைச்சிருக்கிறா. கீழ்த்தளத்தில. புதுக் கட்டில், புதுத் திரைச்சீலை. யன்னலும் வைப்பிச்சவ. அவ்வளவு செய்து வைச்சிருக்கிறவளிட்டை எனக்கு வேண்டாம் எண்டு எப்பிடிச் சொல்லுறது? எனக்கெண்டு இருக்கிறது அவ ஒருத்திதான். நான் மாட்டன் எண்டா அது நான் சொன்னது. கொந்ரா விடாது எண்டா அது கொந்ரா சொன்னது."

நான் விடவில்லை. எனக்கு எதையும் பாதியில் விடத் தெரியும், கேள்வியை மட்டும் விடத் தெரியாது. "தனிமையா இல்லையோ அன்ரி?"

"இருக்கு. ஏன் இல்லாமல்?" வெங்காயத்தைக் கீழே வைத்தார். "இஞ்சை இருந்தா அது என்ர வீட்டுத் தனிமை. அங்கை போனா, அவையின்ர வீட்டுத் தனிமை. பச்சை அடிக்கவும் ஏலாது."

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னார். சாப்பிட்டேன். "அம்மாட்டைச் சொல்லுவியோ?" என்று கேட்டார். "சொல்ல மாட்டன்" என்றேன். அவ்வளவுதான். செயலியை அந்த இரவே மூடிவைத்தேன்.

ஆனால் அம்மா என் யோசனையை ஊர் முழுக்கப் பரப்பியிருந்தார். "மகள் நாலாம் மாடிக்காரிக்குக் கணக்குப் பாக்கிறாள்" என்று தொலைபேசியில் டொரோன்ரோ வரைக்கும் போய்விட்டது. அந்த ஆவணியில் பிள்ளையார் கோயில் தேருக்கு அக்காவே வந்து இறங்கினார்.

அன்ரியைவிட இரண்டு மடங்கு உயரம், நாலு மடங்கு சத்தம். வந்த நாளே கட்டடத்தில் எல்லோருடைய பெயரும் அவருக்குத் தெரியும். பச்சைச் சுவரைப் பார்த்து, "இதென்னடி, காட்டுக்குள்ள இருக்கிறாய்" என்றார். தங்கையின் தட்டில் கேட்காமலே மீன் துண்டை எடுத்து வைப்பார். அன்ரியும் மறுக்காமல் சாப்பிடுவார். இருவரும் தெருவில் கை கோத்துப் போவதைப் பார்த்தேன். அன்ரியின் நடை அன்று மெதுவாக இருந்தது.

தேருக்கு மறுநாள் எங்கள் வீட்டில் விருந்து. வீதியில் உடைத்த தேங்காயில் அப்பா பொறுக்கி வந்ததெல்லாம் அன்று சொதியாகவும் சம்பலாகவும் மேசைக்கு வந்திருந்தது. அப்பா, அம்மா, அக்கா, அன்ரி, நான். பாதிச் சாப்பாட்டில் அக்கா என்னைப் பிடித்தார்.

"நீதானே இவளுக்குக் கணக்குப் பாக்கிறனியாம். இவள் எனக்கும் ஒண்டரை வருசம் எண்டுதான் சொல்லுறாள். மூண்டு வருசமா ஒண்டரை வருசம். நீ படிச்ச பிள்ளை, நீ சொல்லு. இன்னும் எவ்வளவு இருக்கு?"

அம்மா அகப்பையோடு நின்றார். நான் அன்ரியைப் பார்த்தேன். அவர் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரே ஒரு சொல். எதைச் சொன்னாலும் அது அவருடைய மிச்ச வாழ்க்கை. என் வாய் திறந்துதான் இருந்தது.

"அவளை ஏன் கேக்கிறியள்?" என்றார் அன்ரி. "முடிஞ்சுது அக்கா. போன வருசமே முடிஞ்சுது."

அக்காவின் முகம் மலர்ந்ததை நான் மறக்கமாட்டேன். கை கழுவாமலே எழுந்து தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்தார். "பிறகென்னடி. பிறகென்ன. இந்தப் புரட்டாதிக்குள்ள வந்திடு."

"புதுசா ஒண்டுக்குக் கையெழுத்து வைச்சிட்டன்."

அணைத்த கை அப்படியே நின்றது.

"மயக்க மருந்து குடுக்கிற தாதிப் படிப்பு. வடக்கை லில் எண்ட நகரத்தில ஒரு ஆஸ்பத்திரி எடுத்திருக்கு. சோதினை எழுதிப் பாஸ் பண்ணினன். அவையள் படிப்பிக்கிறினம். பிறகு அங்கை வேலை செய்யவேணும்."

"எத்தினை வருசம்?"

"படிப்போட ஏழு."

அக்கா திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தார். கொஞ்ச நேரம் சம்பலை விரலால் ஒதுக்கிக்கொண்டிருந்தார். சத்தம் போடுவார் என்று நாங்கள் காத்திருந்தோம்.

"அப்ப அந்தக் கட்டிலை என்ன செய்யிறது?" என்று கேட்டார்.

"ஆரும் வந்தாப் படுக்கட்டும் அக்கா."

"ஆர் வாறது? பெடியன் வன்கூவருக்குப் போட்டான். பெட்டை கலியாணம் முடிச்ச கையோடை போட்டாள். இவர் செத்தாப் பிறகு நானும் அந்தக் கட்டிலும்தான் அந்த வீட்டில." யாரையும் குற்றம் சொல்கிற குரல் இல்லை. விலை சொல்வது போல இருந்தது. "பேரப்பிள்ளை பாக்க உன்னைக் கூப்பிடுறன் எண்டு நினைச்சியோ? எனக்குப் பேரப்பிள்ளையளே வாறேல்லை."

அன்ரி நிமிர்ந்து அக்காவைப் பார்த்தார். அக்கா இவ்வளவு தனியாக இருப்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. எதற்கும் பதறாத மனிதர், சொதிச் சட்டியை யாரும் கேட்காமலே எடுத்து அக்காவின் சோற்றில் ஊற்றினார். அது தட்டு நிரம்பி வழிந்தது. அக்கா அதைப் பிசைந்து சாப்பிட்டார்.

புரட்டாதியில் அன்ரி லில்லுக்குப் போனார். பச்சைச் சுவருக்கு வீட்டுக்காரர் வெள்ளை அடித்தார். போகுமுன் கடைசியாக ஒருமுறை அவரோடு அந்தக் கடை வரிசையில் நின்றேன். கடைக்கார அண்ணை வழமை போலக் கேட்டார், எப்ப கனடா என்று.

"இன்னும் ஏழு வருசம் அண்ணை."

"ஓ" என்றார் அவர். வேறொன்றும் கேட்கவில்லை. கறிவேப்பிலையும் போடவில்லை. வெளியே வந்ததும் அன்ரி மூக்கால் சிரித்தார். "பாத்தியோ. ஏழு எண்டா ஆரும் கேக்க மாட்டினம்." மெற்றோ நிலையப் படிவரை வந்தேன். அங்கே நின்று, வந்த வழியை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் கேக்காமல் விட்டாலும் ஒரு மாதிரித்தான் இருக்கும், என்ன?" என்றார். என் பதிலுக்கு நிற்காமல், கைப்பிடியைத் தொடாமல் ஏறினார்.

அதன்பிறகு கொஞ்சம் செய்திகள்தான். ஊரடங்கு மாதங்களில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுதினேன். "இருக்கிறன் பிள்ளை. நித்திரைதான் இல்லை" என்று பதில் வந்தது. ஒரு புதுவருடத்துக்கு ஒரு சுவரின் படம் அனுப்பினார். மஞ்சள். அக்கா மட்டும் இப்போதும் அம்மாவோடு பேசுவார். தங்கச்சியோடு ஞாயிற்றுக்கிழமைகளில் கதைப்பேன், இரண்டு பேரும் சமைத்துக்கொண்டே கதைப்போம், வேலையைப் பற்றி ஒன்றும் கேட்பதில்லை என்று போன கிழமை சொன்னாராம். கட்டில் அப்படியே இருக்கிறதாம். மாதம் ஒருமுறை விரிப்பு மாற்றுகிறாராம்.

அதைக் கேட்ட அன்று, ஏன் என்று தெரியாமல், அந்தப் பழைய செயலியைத் தேடி எடுத்தேன். புதிய கையெழுத்தின் மாதத்தைக் கொடுத்தேன். கோடு ஓடியது, நின்றது. இரண்டு முறை சரிபார்த்தேன். நான் தொடங்கியவற்றில் ஒழுங்காக வேலை செய்கிற ஒன்று அதுதான் போலிருக்கிறது.

இன்னும் ஒன்றரை வருடம்.

எனக்குப் புதிதாக ஒரு யோசனை. கோடையில் டொரோன்ரோவுக்கு அன்ரிக்கும் எனக்கும் இரண்டு ரிக்கெற், இரண்டு கிழமை, போய்த் திரும்பி வர. எந்த ஒப்பந்தமும் விடுமுறையைத் தடுப்பதில்லை, அதையும் வாசித்துவிட்டேன். கட்டிலில் அவர் படுக்கட்டும், நான் கீழே படுக்கிறேன். அக்காவின் குறட்டை மேலிருந்து கேட்கிறதா பார்ப்போம். இதைத் தொலைபேசியில் கேட்டால் அவர் தேத்தண்ணிக் கதைக்குப் போய்விடுவார். அதனால் சனிக்கிழமை லில்லுக்குப் போய், மஞ்சள் சுவருக்கு முன்னால் இருந்து, நேரிலே கேட்கப்போகிறேன்.

அவர் என்ன சொல்வார் என்று எனக்குத் தெரியும். இந்த முறை அது உண்மையாகவும் இருக்கும். அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை ரயிலில் யோசிக்க வேண்டும்.